வர்ற சீசனுக்கு ஒரு பாயிண்ட் கார்டு

உக்காருங்க சார். அது வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடும். இந்த பெஞ்சுல உக்காருங்க. உங்க பாப்பா பந்து ஆடிக்கிட்டு இருக்கட்டும், எனக்கு ஜன்னல் வழியாவே கோர்ட் முழுசும் தெரியும். போடியிலருந்து விடியக்காலமே கெளம்பிட்டீங்களா? அதான் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. டெப்போவுல லீவு குடுத்தாங்களா? மெக்கானிக்குக்கு லீவு கெடைக்கிறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். எங்க அண்ணனும் டெப்போவுலதான் இருந்தாரு.

சர்டிபிகேட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன். பொண்ணைச் சேக்க வர்றவங்க எல்லாரும் ஹாஸ்டல்ல சோறு எப்படின்னு கேப்பாங்க, கேட்டைப் பூட்டுவீங்களான்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சார், "வர்ற சீசனுக்கு உங்க பாஸ்கெட்பால் டீம்ல பாயிண்ட் கார்டு யாரு மேடம்"னு கேட்டிருக்கீங்க. ஆட்டம் தெரிஞ்ச கேள்வி.

ஒருத்தியும் இல்ல சார். அதான் பதில். ஒருத்தி இருக்கா, ராமலெட்சுமின்னு, ரெண்டாம் வருஷம். பந்தைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே தட்டுவா. அவ நிமிந்து யாருக்குக் குடுக்கலாம்னு பாக்குறதுக்குள்ள எதிராளி பந்தைப் புடுங்கிட்டுப் போய்க் கூடையில போட்டுட்டு வந்துருவா. அஞ்சு பேரு ஆடுற ஆட்டத்துல நாலு பேருக்கு உடம்பு இருந்தாப் போதும். பந்தைக் கொண்டு வந்து, யாரு எங்க நிக்கணும்னு சொல்லி, சரியான கையில சேக்குறவ இருக்கா பாருங்க, அவளுக்கு மட்டும் தலையில எதாவது இருக்கணும். அவதான் பாயிண்ட் கார்டு. அவ இல்லன்னா அது டீம் இல்ல, ரேஷன் கடை வரிசை.

அந்தக் கப்பைப் பாக்குறீங்களா? பீரோ மேல இருக்கே. போன செப்டம்பர்ல ஜெயிச்சது. கப்பு இருக்கு, பாயிண்ட் கார்டு இல்ல. எப்படின்னு கேளுங்க. நானே சொல்றேன். உங்க பொண்ணை என்னை நம்பி விடப் போறீங்க. நான் எப்படிப்பட்டவள்னு மத்தவங்க வாயால கேக்குறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கோங்க. மத்தவங்க என்னென்னமோ சொல்லுவாங்க.

கார்குழலின்னு ஒரு பொண்ணு இருந்தா. நிலக்கோட்டைக்காரி. அப்பா பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுறவரு. அவ ஸ்கூல் டீம்ல ஆடும்போது நான்தான் சார் பாத்தேன். வேற எவளும் பாக்கல. பந்து அவ கைக்கு வந்தா மத்த ஒம்பது பேரும் மெதுவா ஆடுற மாதிரி இருக்கும். நேரா அவங்க வீட்டுக்குப் போயி அவங்க அப்பாட்ட கேட்டேன். "ஒங்க பொண்ணா நெனச்சுப் பாத்துக்கோங்க டீச்சர்"னாரு. அப்படித்தான் பாத்துக்கிட்டேன். எனக்குன்னு யாரு இருக்கா? கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல. காலையில அஞ்சே முக்காலுக்கு நான் கோர்ட்டுக்கு வந்தா எனக்கு முன்னாடி அவ நிப்பா. தோளை இப்படி எறக்கி, வலது பக்கம் போற மாதிரி காட்டிட்டு இடது பக்கம் போவா பாருங்க, அது நான் கத்துக் குடுத்தது. மூணு வருஷம். மூணு வருஷத்துல அந்தப் பொண்ணு இருமுனா எதுக்கு இருமுறான்னு எனக்குத் தெரியும்.

ரெண்டாம் வருஷம் செமி ஃபைனல்ல எக்குத்தப்பா காலை ஊனிட்டா. இடது முட்டி. நான்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அமுக்கிப் பாத்துட்டு, "உள்ள சவ்வு கொஞ்சம் கிழிஞ்சிருக்கும் போலருக்கு, ஸ்கேன் எடுத்துருங்க, மூணு மாசம் ஆடக் கூடாது"ன்னாரு. சார், நாலு நாள்ல ஃபைனல். நீங்களே சொல்லுங்க. நான் முட்டியில நல்லா டேப் சுத்தி, "ஆடுறியா குழலி"ன்னு கேட்டேன். கட்டாயப்படுத்தல. கேட்டேன். "நீங்க சொன்னா ஆடுறேன் மிஸ்"னா. அப்ப அது அவ விருப்பம்தானே? ஆடுனா. வீட்ல சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். அவங்க அப்பா பயந்த சுபாவம், வேனை நிறுத்திட்டு ஓடி வந்துருவாரு, எதுக்கு? அதுக்கப்புறமும் ஆடுனா, ஒரு முழு வருஷம். ஆட்டம் ஆரம்பிக்க அரை மணி நேரத்துக்கு முன்னாடி இந்த ரூமுக்கு வருவா, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே பெஞ்சுக்குப் பக்கத்துல காலை நீட்டிப் போடுவா, நான் டேப் சுத்துவேன். மூணாவது குவார்ட்டர் முடியும்போது லேசா வீங்கும். எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். டீம்ல வேற ஒருத்திக்கும் தெரியாது.

ஸ்கேனா? எடுக்கணும் எடுக்கணும்னு இருந்தோம். ஒண்ணு மாத்தி ஒண்ணு மேட்ச் வந்துருச்சு.

பி.காம் முடிச்சா. இங்கயே எம்.காம் சேர்றேன்னா. பிரின்சிபால்ட்ட நான் நேர்ல போயி நின்னு அவளுக்கு சீட் எடுத்து வச்சேன். அந்த மனுசன்ட்ட எனக்காக ஒரு நாளும் நின்னதில்ல சார். கோர்ட்ல விரிசல் விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்குக்கூட லெட்டர்தான் குடுத்தேன். இவளுக்காக நின்னேன். இன்னும் ரெண்டு வருஷம் அவ இருக்கா, ரெண்டு வருஷமும் கப்பு நமக்குத்தான்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்.

ஜூன் மாசம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, பழக்கடைக்கு மேல ஒரு ஃப்ளெக்ஸ். மாம்பழம் வாங்கிட்டு நிமிந்து பாக்குறேன். குழலி. ஆளு ஒசரத்துக்குக் குழலி. கையில பந்து. அந்த பைபாஸ் ரோட்டுக் காலேஜோட மஞ்ச ஜெர்சி. அந்தக் காலேஜ் பேரு என் வாயில வராது, கேக்காதீங்க. "எங்கள் புதிய நட்சத்திரமே வருக"ன்னு எழுதியிருந்துச்சு. எங்கள்! யாருது சார் எங்கள்?

பழக்காரம்மா, "என்ன டீச்சர், மீதியை வாங்காமப் போறீங்க"ன்னு கத்துது. நான் பாட்டுக்கு நடந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

போன் போட்டேன். எடுத்தா.

"ஏன்டி?"ன்னேன். வேற ஒண்ணும் கேக்கல.

"மிஸ்... அங்க பிசியோ இருக்காங்க மிஸ். தெனமும் வருவாங்களாம். எம்.பி.ஏ சீட்டும் குடுக்குறாங்க."

"மொத்தத்துல நான் உனக்குப் பத்தல."

"அப்படி இல்ல மிஸ். உங்ககிட்ட சொல்லணும்னு மூணு தடவை ரூம் வரைக்கும் வந்தேன் மிஸ். பயமா இருந்துச்சு."

"முட்டியைப் பத்தி அங்க சொல்லிட்டியா?"

"இல்ல மிஸ். சொன்னா சேத்துக்க மாட்டாங்க. சேந்துட்டு மெதுவா சொல்லிக்கலாம்னு இருக்கேன்"னா.

கவனிங்க சார். நான் நெனச்சிருந்தா அன்னைக்கே அந்தக் காலேஜுக்கு ஒரு போன் அடிச்சு, "நீங்க வாங்குன குதிரைக்குக் காலு சரியில்ல"ன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். ஃப்ளெக்ஸைக் கழட்டி மடிச்சு வச்சிருப்பாங்க. சொன்னேனா? சொல்லல. அவ்வளவு கேவலமானவ இல்ல நான். ஒரு பொண்ணோட வாழ்க்கை சார். எதுவா இருந்தாலும் கோர்ட்ல பாத்துக்குவோம்னு விட்டுட்டேன். புதன்கிழமை மாதா கோயிலுக்குப் போயி ஒரு மெழுகுதிரி மட்டும் ஏத்திட்டு வந்தேன்.

அப்பதான் பேச்சியைப் புடிச்சேன். பேச்சியம்மா, உசிலம்பட்டிப் பக்கம். கபடி ஆடிட்டு வந்தவ. தொடை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கும். பந்து தட்டத் தெரியாது, கூடையில போடத் தெரியாது. ஆனா ஒருத்தியைப் புடின்னா புடிச்சுக்குவா, பசை மாதிரி. மொத வருஷம் அவ வெறுங்காலோட வந்து நின்னப்ப தன் ஷூவைக் கழட்டிக் குடுத்தவளே குழலிதான். அதையும் சொல்லிர்றேன், அப்புறம் மறைச்சேன்னு ஆகிரக் கூடாது.

மூணு மாசம் சார். ஜூன் கடைசியிலருந்து செப்டம்பர் வரைக்கும். மத்தவங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி, பேச்சிக்கு மட்டும் தனிப் பயிற்சி. நானே குழலியா நின்னேன். இந்த அம்பத்தோரு வயசுல. அவ எப்படித் தோளை எறக்குவா, எப்பக் கண்ணை ஓட்டுவா, எத்தனை தட்டுக்கு ஒரு தடவை நிமிருவா, எல்லாம் எனக்கு மனப்பாடம். "பேச்சி, இடது பக்கம் வழி விடு. போக விடு. கோட்டோரம் போனதும் குறுக்க வந்து நில்லு. தொடாத. நில்லு, போதும். அவ டக்குனு நின்னு வலது பக்கம் திரும்பணும்." அதான் பாடம். வேற ஒண்ணுமே கெடையாது. வேகமா இடது பக்கம் போறவ டக்குனு நின்னு திரும்புனா மொத்த உடம்பும் இடது முட்டியிலதான் வந்து நிக்கும். ஒரு மேட்ச்ல நாப்பது தடவை திரும்ப வச்சா?

ஃபவுல் கெடையாது சார். ஒரு எடத்துலயும் ஃபவுல் கெடையாது. ரூல் புக்கை எடுத்துக் காட்டட்டும் எவனாவது.

பேச்சி ஒரு நாள் கேட்டா. "எதுக்கு மிஸ் இடது பக்கமே விடச் சொல்றீங்க? குழலியக்காவுக்கு அந்தப் பக்கம்தான் நல்லா வரும்?"

"சொன்னதைச் செய்டி"ன்னேன்.

ஜோனல் ஃபைனல்ல நாங்களும் அவங்களும். நான் கேட்டபடியே வந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேட்ச். நாலரை இருக்கும், எங்க பிள்ளைக ஜெர்சி மாத்துற ரூமுக்கு வெளிய நான் நிக்கிறேன். குழலி வர்றா. மஞ்ச ஜெர்சி. கொஞ்சம் இளைச்சிருந்தா. அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு என் பக்கத்துல வந்து நின்னா.

"மிஸ், நல்லாருக்கீங்களா?"

நான் அவ ஜெர்சியைத்தான் பாத்தேன்.

"மிஸ், ஒரு உதவி மிஸ். டேப் சுத்தி விடுறீங்களா? அவங்ககிட்ட இன்னும் சொல்லல. பிசியோகிட்ட கேட்டா தெரிஞ்சுரும். நானா சுத்துனா லூசாயிருது. உங்களுக்குத்தான் அது வரும்."

என்ன தைரியம் பாருங்க! மூணு மாசத்துக்கு முன்னாடி என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போனவ, என் முன்னாடி வந்து காலை நீட்டுறா. போடின்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பாத்ரூமுக்குப் பின்னாடி ஒரு மேடை இருந்துச்சு, அதுல உக்கார வச்சு சுத்துனேன்.

நல்லாத்தான் சுத்துனேன் சார். இதை மட்டும் நம்புங்க. அரைகுறையாச் சுத்தி அனுப்புனேன்னு எவளாவது சொன்னா அது பச்சைப் பொய். மூணு சுத்து கீழ, மூணு சுத்து மேல, குறுக்க ரெண்டு. எப்பவும் சுத்துற மாதிரியே. முட்டிக்கு உள்பக்கம் விரலை வச்சு அமுக்குனேன், சுத்துறதுக்கு முன்னாடி எப்பவும் பாக்குறதுதான். "ஸ்ஸ்"னா. ஆட்டமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள வீங்கியிருக்கு. "எத்தனை நாளா?"ன்னு கேட்டேன். "பத்து நாளா மிஸ். ஓடுனா ஒண்ணும் தெரியல. திரும்புறப்பத்தான் உள்ள என்னமோ நழுவுது"ன்னா. எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா. அது நல்ல பழக்கம் அவகிட்ட.

எந்திரிச்சு ரெண்டு தடவை குதிச்சுப் பாத்தா. சிரிச்சா. "தேங்க்ஸ் மிஸ். நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்"னா. ஓடிட்டா.

மொத பாதியில அவங்கதான் முன்னாடி. அவ ஆடுனா சார், பொய் சொல்லக் கூடாது. எங்க பிள்ளைகளைச் சுத்திச் சுத்தி விட்டா. பேச்சி சொன்னபடியே செஞ்சா, இடது பக்கம் விட்டா, குறுக்க நின்னா. ஆனா முழு மனசா செய்யல, எனக்குத் தெரியாதா? குழலி திரும்பும்போது அரை அடி விலகிக் குடுத்தா. மூணாவது குவார்ட்டர் முடிஞ்சதும் பேச்சியைத் தனியாக் கூப்புட்டேன்.

"இடது முட்டி வீங்கியிருக்கு. இன்னும் பத்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் முழுசாத் திருப்பணும், புரியுதா?"

அவ மொகத்தைப் பாக்கணுமே. அப்பத்தான் அவளுக்கு விளங்குச்சு, மூணு மாசமா என்ன படிச்சோம்னு.

"மிஸ், வேணாம் மிஸ். வேற மாதிரி ஆடிக்கிறேன்."

"வேற மாதிரி ஆட உனக்கு என்ன தெரியும்?"

"மிஸ், அக்கா மிஸ் அது."

"அப்ப உக்காரு. உக்காந்துக்கோ. நாளைக்கு ஹாஸ்டலையும் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயி உங்க அக்காவை நெனச்சுக்கிட்டு மாடு மேய்"னேன்.

கோவத்துல சொல்றதுதான். எல்லாக் கோச்சும் சொல்றதுதான். பேச்சி எந்திரிச்சுக் கோர்ட்டுக்குள்ள போயிட்டா.

நாலு நிமிஷம் இருக்கு. அவங்க ரெண்டு பாயிண்ட் கூட. குழலி பந்தோட வர்றா. தோளை எறக்குனா. இடது பக்கம் கெளம்புனா. பேச்சி விட்டா. கோட்டோரம் போனா, பேச்சி குறுக்க வந்து நின்னா, இந்தத் தடவை முழுசா நின்னா. குழலி டக்குனு நின்னு திரும்புனா.

சத்தம் கேட்டுச்சு சார். பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு. காஞ்ச குச்சியை ஒடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்கல்ல, அப்படி இல்ல. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி.

பந்து உருண்டு வந்து பேச்சி காலடியில நிக்கிது. விசில் அடிக்கல. ரெஃப்ரி பாக்கல, எங்கிட்டோ பாத்துக்கிட்டு இருந்தான். ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு சார்! பேச்சி பந்தை எடுக்காம அவ பக்கத்துல மண்டி போட்டு உக்காந்துட்டா. "அக்கா, அக்கா"ன்னு அவ தலையைத் தூக்கி மடியில வைக்கிறா. "பந்தை எடுடீ!"ன்னு கத்துனேன். தொண்டை கிழியக் கத்துனேன். கடைசியில ராமலெட்சுமிதான் ஓடி வந்து எடுத்துட்டுப் போயிப் போட்டா. அதுல சமம். அப்புறம் குழலியைத் தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் அவங்க பக்கம் பந்து கொண்டு வர ஆளே இல்ல. மூணு பாயிண்ட்ல ஜெயிச்சோம். அம்பத்தெட்டு, அம்பத்தஞ்சு. பேச்சி அந்த நாலு நிமிஷமும் ஆடல, பெஞ்சுலயும் உக்காரல, அவங்க ஆம்புலன்ஸ் பின்னாடியே போயிட்டா. நாலு பேரை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சு, அப்புறம் ஒரு சின்னப் புள்ளையை உள்ள விட்டு ஜெயிச்சேன். அது லேசுப்பட்ட விஷயமா?

கப்பை வாங்கும்போது எங்க பிள்ளைக ஒருத்தியும் கை தட்டல. களைச்சுப் போயிருந்தாளுக.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். அந்த ஃப்ளெக்ஸைப் பாத்த நாள்லருந்து நெஞ்சுல ஒண்ணு உக்காந்திருந்துச்சு சார், கல்லு மாதிரி. அன்னைக்கு ராத்திரி ரசஞ்சோறு நல்லா எறங்குச்சு. மூணு மாசம் கழிச்சு வயிறு நெறையச் சாப்புட்டேன். நான் என்ன, அவளுக்குக் கெடுதலா நெனச்சேன்? என்னை விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு ஒரு தடவை தெரியணும். அம்புட்டுதான். அதுக்குமேல ஆனதெல்லாம் அவ முட்டி.

மதுரையில ஆபரேஷன் ஆச்சு. நான் போகல. ஜெயிச்சவ போயி நின்னா குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்ல? ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. மூணாம் நாள் அவங்க அப்பா எனக்குப் போன் பண்ணாரு. "டீச்சர், நீங்க கட்டி விட்டதாலதான் இம்புட்டோட போச்சாம், இல்லன்னா எலும்பே போயிருக்கும்னு பாப்பா சொல்லுச்சு. ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லுச்சு"ன்னாரு. அழுதுட்டாரு மனுசன். அவளே சொல்லியிருக்கா சார்! அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அப்புறம் பேச்சி போயி அவ கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு வாரம் கெடந்தா. கிளாஸுக்கு வரல. என்னத்தச் சொன்னாளோ தெரியல. அதுக்கப்புறம் அந்த வீட்லருந்து ஒரு போன் இல்ல. நான் போட்டாலும் எடுக்கல. பழத்தோட ஆளு அனுப்பி வச்சேன், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளதைச் சொல்லாம ஒண்ணைப் பத்தாத் திரிச்சுச் சொல்றவளுக இருக்கிற வரைக்கும் எந்த வாத்தியாருக்கும் நல்ல பேரு கெடையாது.

குழலி இனி ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். நடக்குறாளாம், நல்லாத்தான் நடக்குறாளாம். படிப்பு இருக்குல்ல? ஆட்டம் மட்டுமா சார் வாழ்க்கை?

பேச்சி திரும்பி வந்தா. ஒரு திங்கக்கிழமை. ஜெர்சியைத் துவைச்சுத் தேய்ச்சு மடிச்சுக் கொண்டு வந்து இந்த மேஜையில வச்சா.

"என்னடி இது?"

"நான் ஆடல மிஸ்."

"ஏன்?"

நிமிந்து பாத்தா. கபடிக்காரி பார்வை. "மிஸ், எனக்குச் சின்னதுல மாடு முட்டி விலா எலும்புல ஒரு எடம் இன்னும் வலிக்கும். அது எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரிய வேணாம் மிஸ்"னா. போயிட்டா. திமிரு. ஹாஸ்டலை விட்டுட்டு இப்ப தெனமும் உசிலம்பட்டியிலருந்து பஸ்ல வந்து படிக்கிறா. வராண்டாவுல என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்குவா. அவளைப் பாத்து இன்னும் மூணு பேரு நின்னுட்டாளுக. ஒருத்திக்குப் பரிச்சையாம், ஒருத்திக்குக் கல்யாணமாம், ஒருத்தி காரணமே சொல்லல. சொல்லிக் குடுத்தவ யாருன்னு எனக்குத் தெரியாதா? பேச்சி இங்க இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். அட்டெண்டன்ஸ் கொறைவா இருக்கு, அந்த ஒரு வாரம் வேற வரல. இருக்கட்டும். அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அதான் சார் நெலவரம். பிரின்சிபால், "கப்பு வாங்குன டீம், இந்த வருஷமும் வாங்கணும்ல"ங்குறாரு. செப்டம்பர்ல ஜோனல். கையில ராமலெட்சுமி. பைபாஸ் ரோட்டுக்காரங்க புதுசா ரெண்டு பேரை எடுத்திருக்காங்களாம். அவங்களை நான் விடுறதா இல்ல. உங்க பொண்ணு ஷர்மிதாவைக் காலையில அரை மணி நேரம் ஆட விட்டுப் பாத்தேன். கை இருக்கு சார். கண்ணு இருக்கு. பந்தைப் பாக்காம தட்டுறா. ரெண்டு வருஷம் எங்கிட்ட விடுங்க, ஸ்டேட் டீம்ல நிக்க வைக்கிறேன். என் சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்குவேன். ஒரே ஒரு கையெழுத்து, இந்த எடத்துல.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? பாப்பா இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே.

யோசிச்சுச் சொல்றீங்களா? இதுல யோசிக்க என்ன இருக்கு? நான்தான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டேனே. வேற எவ சொல்லுவா இப்படி ஒளிவுமறைவு இல்லாம? இல்ல சார், பைலை வச்சிட்டுப் போங்க. வேணாமா? கையெழுத்து போடலைன்னாலும் அந்த ஃபார்மையாவது... ஓ. கிழிச்சுட்டீங்க.

சரி.

வேற எங்க சேப்பீங்க? பைபாஸ் ரோட்டுலதானே? அவங்களும் கூப்புட்டாங்கல்ல? கூப்புட்டிருப்பாங்க. உங்க மொகத்துல தெரியுது. சேருங்க சார், தாராளமாச் சேருங்க. நான் யாரு தடுக்க? அங்க பிசியோ இருக்காங்க.

ஒண்ணே ஒண்ணு. நில்லுங்க, அவளைக் கூப்புடுறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போயிருங்க. காலையில பாப்பா பத்து நிமிஷம் ஓடிட்டு, தண்ணி குடிக்கிற மாதிரி தூணுக்குப் பின்னாடி போனா. செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னு, பையிலருந்து அந்த நீலக் குப்பியை எடுத்து வாயில வச்சு ரெண்டு தடவை இழுத்தா. நீங்க அதை ஃபார்ம்ல எழுதல. உடல்நலக் குறை எதுவும் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. எத்தனை வயசுலருந்து சார் மூச்சு எளைப்பு? தூசி பட்டா வருமா, இல்ல விடாம ஓட விட்டா வருமா?

சொல்ல வேணாம். பதறாதீங்க, உக்காருங்க வேணும்னா. எனக்கு அது தெரியும்னு வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பைபாஸ் ரோட்டுக்காரங்ககிட்டகூட. அவங்க தாராளமா அவளை எடுக்கட்டும்.

ஷர்மிதா! வாம்மா. அப்பா கெளம்பிட்டாரு. நல்லா ஆடுன கண்ணு. மொகத்தைத் தொடைச்சுக்கோ. செப்டம்பர்ல பாக்கலாம், என்ன?